சும்மா கட்டிப்போட்டால் சும்மா இருக்காது: ஆடு, மாடு, கோழி, நாய், பூனைக்குப் பொழுதுபோக்கு

கோழி வாங்கி இரண்டு மாதம் ஆன நண்பர் ஒருவர் கேட்டார்: "நல்ல தீவனம் போடறேன், தண்ணி வைக்கறேன், கூடும் சுத்தமா இருக்கு. அப்பவும் ஒண்ணையொண்ணு கொத்தி முதுகு இறகையெல்லாம் புடுங்குதுங்க. என்ன வியாதிங்க?" போய்ப் பார்த்தேன். பேன் இல்லை, செள் இல்லை, எல்லாக் கோழிக்கும் எடை நன்றாகவே இருந்தது. கம்பி வலை, சிமென்ட் தரை, நடுவில் ஒரு தீவனத் தட்டு. அவற்றுக்குக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. கிளற மண் கிடைக்காத கோழி, பக்கத்துக் கோழியைக் கிளறுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

வளர்ப்பு விலங்குகளுக்குப் பொழுதுபோக்கு என்றதும் பலருக்கும் கடையில் தொங்கும் ரப்பர் எலும்பும் மணி கட்டிய பந்தும்தான் ஞாபகம் வருகிறது. அதெல்லாம் இரண்டாம்பட்சம். தேடுவது, கிளறுவது, ஏறுவது, உரசுவது, மோப்பம் பிடிப்பது என்று அவை நாள் முழுக்கச் செய்து வந்த வேலைகளை, தட்டில் சோறு வைத்து நாம் பிடுங்கிக்கொண்டோம். அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

1963ல் க்ளென் ஜென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். ஒரு பக்கம் கிண்ணத்தில் உணவு தாராளமாகக் கிடந்தது. இன்னொரு பக்கம், ஒரு கட்டையை அழுத்தினால்தான் உணவு விழும். கிண்ணம் நிறைய இருக்கும்போதே பெரும்பாலான எலிகள் கட்டையையும் அழுத்தி அழுத்தித் தின்றன. பிறகு கோழி, புறா என்று பல உயிர்களிடம் இதே குணத்தைக் கண்டார்கள். பூனை மட்டும் வேறு மாதிரி. 2021ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வில் வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் உழைக்காமல் கிடைக்கும் தட்டையே தேர்ந்தெடுத்தன. பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

முதலில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்

எதையும் வாங்குவதற்கும் கட்டுவதற்கும் முன்னால், கொட்டிலுக்கோ பட்டிக்கோ எதிரே ஒரு முக்காலியைப் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். தீவன நேரத்தில் வேண்டாம், அப்போது எல்லாமே சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். கோழி இன்னொன்றின் இறகைக் கொத்துகிறதா? ஆடு கயிற்றையும் பலகையையும் கடித்துக்கொண்டே இருக்கிறதா? மாடு வாயில் ஒன்றும் இல்லாமலே நாக்கை வெளியே நீட்டிச் சுழற்றுகிறதா? நாய் ஒரே இடத்தில் வட்டமடிக்கிறதா, தன் காலையே நக்கிப் புண்ணாக்குகிறதா? இவையெல்லாம் சலிப்பின் அடையாளங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சலிப்பின் தலையில் கட்டிவிடக்கூடாது. மாடு துணியையும் மண்ணையும் எலும்பையும் தின்றால் அது தாது உப்புக் குறைவாகவோ குடற்புழுவாகவோ இருக்கலாம். நாய் காலை நக்குவது உண்ணியாலோ சொறியாலோ இருக்கலாம். முதலில் குடற்புழு நீக்கம், தாது உப்புக் கட்டி, தண்ணீர், நிழல். அதற்குப் பிறகுதான் விளையாட்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிட்டால் மனசு லேசாகும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியே வருகிறது.

பார்த்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அது தேவைப்படும். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒன்று செய்து, மூன்று நாள் விட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

கோழி: இங்கிருந்து தொடங்குவது சுலபம்

செலவே இல்லாமல் பலன் சட்டென்று தெரிவது கோழியிடம்தான். முதல் வேலை, தீவனத் தட்டில் ஒரு பங்கைக் குறைப்பது. காலையில் போடும் கம்பு, குருணை, சோளத்தில் கால் பங்கை எடுத்து, காய்ந்த இலைச் சருகின் மேல் விசிறிவிடுங்கள். சருகு நான்கு விரல் உயரம் இருக்கட்டும். சிமென்ட் தரையாக இருந்தாலும் மேலே சருகும் நிலக்கடலைத் தொப்பியும் பரப்பினால் போதும். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் தீனிக்கு இப்போது இரண்டு மணி நேரம் கிளறும். சருகு ஈரமாகிப் பூஞ்சை பிடித்தால் உடனே அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த தானியத்தையும் தொப்பியையும் கோழிக்குக் காட்டவே கூடாது.

அடுத்தது மண் குளியல். கோழிக்கு இது விளையாட்டு மட்டும் இல்லை, குளியலறையும் அதுதான். இரண்டு அடிக்கு இரண்டு அடியில், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு பெட்டியோ செங்கல் கட்டோ போதும். மூன்று பங்கு காய்ந்த மணல் கலந்த மண், ஒரு பங்கு விறகடுப்புச் சாம்பல். பிளாஸ்டிக்கோ பெயின்ட் அடித்த பலகையோ எரித்த சாம்பல் ஆகாது. மழை படாத இடத்தில் வையுங்கள். முதல் நாள் சந்தேகமாகச் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று இறங்கிப் படுத்து இறக்கையைப் பரப்பிவிட்டால், மற்றவை வரிசைகட்டி நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதை முதன்முறை பார்த்துவிட்டுக் கோழிக்கு இழுப்பு வந்துவிட்டது என்று பதறுவது உண்டு. பதற வேண்டாம், பேரானந்தத்தில் இருக்கிறது.

மூன்றாவது, தொங்கும் கீரை. முருங்கைக் கொத்தோ முட்டைக்கோஸின் வெளி இலைகளோ ஒரு கயிற்றில் கட்டித் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். எக்கிக் கொத்த வேண்டும், குதிக்க வேண்டிய உயரம் வேண்டாம். பத்துக் கோழிக்கு ஒரே கொத்து வைத்தால் பலசாலிதான் தின்னும். மூன்று இடத்தில் பிரித்துக் கட்டுங்கள். உட்காரக் குறுக்குக் கம்புகளும் வேண்டும். ஒரு கோழிக்குச் சுமார் 20 செ.மீ. இடம் என்று கணக்கு வைத்து, இரண்டு மூன்று உயரத்தில் போட்டுவிட்டால், கொத்துவாங்கும் கோழிக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஒன்று இருக்கிறது: கரையான். நம் ஊர்ப் பெரியவர்கள் குஞ்சுகளுக்குச் செய்துவந்த வேலை இது. ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, மக்கின ஓலை, மரப்பட்டை என்று கரையானுக்குப் பிடித்ததையெல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் முன்னால் கொட்டினால் நடக்கிற கூத்தைப் பார்க்கக் காசு கொடுக்கலாம். புரதத்துக்குப் புரதமும் ஆச்சு. கரையான் மருந்து அடித்த இடத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஆடு: உயரம் கொடுங்கள், ஓட்டை கொடுக்காதீர்கள்

செம்மறி தலையைக் குனிந்து புல் மேயும். வெள்ளாடு அப்படி இல்லை. பின்னங்காலில் நின்று, முன்னங்காலைக் கிளையில் ஊன்றி, நுனிக் கொழுந்தாகப் பார்த்துக் கடிப்பதுதான் அதன் சுபாவம். அறுத்து வந்த தழையைத் தரையில் போட்டால் பாதியை மிதித்து வீணாக்கும், மீதியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதே தழையை நெஞ்சுயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டுங்கள். கடைசிக் காம்பு வரை காலி.

கட்டும் முறைதான் முக்கியம். ஒரே கயிறு, கொத்தின் அடியில் இறுக்கி ஒரு முடிச்சு. சுருக்கு விழுகிற மாதிரியோ கால் நுழைகிற வளையமாகவோ இருக்கக்கூடாது. நான் ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். நைலான் மீன் வலைத் துண்டில் அகத்திக் கொத்தை அடைத்துத் தொங்கவிட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கிடாக்குட்டி கொம்பைக் கொடுத்து, வலை கழுத்தோடு முறுக்கி, கத்தக்கூட முடியாமல் நின்றது. நான் கொட்டிலைவிட்டு நகராமல் இருந்ததால் கத்தியால் அறுத்துவிட முடிந்தது. அன்றோடு வலை பரணுக்குப் போனது.

எந்தத் தழை? அகத்தி, முருங்கை, கிளிரிசிடியா, ஆல், அரசு, பலா, வேம்பு எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சூபாபுல் நல்லதுதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதிகமானால் முடி கொட்டும். அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி வேண்டவே வேண்டாம். இளஞ்சோளப் பயிரும் பச்சை மரவள்ளித் தழையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உயிருக்கே ஆபத்து, இரண்டிலும் சயனைடு விஷம் உண்டாகும். விளையாட்டுக்காகப் புதுத் தழை தேடப்போய் இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெயர் தெரியாத செடியைக் கட்டாதீர்கள்.

அப்புறம் மேடை. பெரிய கற்களை அடுக்கியோ, தென்னந்தடியை அடுக்கியோ, உடைந்த வண்டிச் சட்டத்தை ஊன்றியோ ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்தில் ஒரு திட்டு. கற்கள் ஆடக்கூடாது. அதைவிட முக்கியம், ஏறவும் இறங்கவும் இரண்டு பக்கம் வழி வேண்டும். ஒரு வழிதான் என்றால் பெரிய ஆடு மேலே நின்றுகொண்டு சின்னதை முட்டித் தள்ளும். வேலியிலிருந்து குறைந்தது ஆறு அடி தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கட்டிக்கொடுத்தது மேடை இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்குப் படிக்கட்டு.

ஆட்டின் மூளையையும் குறைத்து எடைபோட வேண்டாம். லண்டனில் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கயிற்றை வாயால் இழுத்து, பிறகு ஒரு நெம்புகோலைத் தூக்கினால்தான் பழம் கிடைக்கிற பெட்டியை ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட ஆடுகள் 10 மாதம் கழித்தும் அதை மறக்கவில்லை. 2014ல் வெளியான ஆய்வு. கொட்டில் கொக்கியை வாயால் திறக்கும் ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் செய்வதென்றால், மூடியில்லாத பிளாஸ்டிக் தண்ணீர்க் கேனில் பக்கவாட்டில் இரண்டு விரல் அகல ஓட்டைகள் போட்டு, கருவேல நெற்றை உள்ளே போட்டு உருட்டிவிடலாம். ஓட்டை கால் நுழையும் அளவுக்கு இருக்கக்கூடாது, விளிம்பைத் தீயில் காட்டி மழுக்கிவிடுங்கள். கேனைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும்.

மாடு: சொறிந்துவிட ஆள் வேண்டும்

கட்டுத்தரையில் நிற்கும் மாட்டுக்கு மிகப் பெரிய சுகம் முதுகு சொறிவது. கனடாவில் 2018ல் வெளியான ஓர் ஆய்வில், சுழலும் பிரஷ் இருக்கிற இடத்துக்குப் போவதற்காக மாடுகள் எடை கட்டிய கதவைத் தள்ளின. புதுத் தீவனத்துக்காகத் தள்ளிய அளவு எடையை, பிரஷ்ஷுக்காகவும் தள்ளின. மின்சாரத்தில் ஓடும் அந்த பிரஷ் பெரிய பண்ணைகளுக்குச் சரி. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மரத்தூண் போதும்.

நன்றாக ஊன்றிய தூணில், மாட்டின் தோள் உயரத்தில், கெட்டியான தேங்காய்நார் பிரஷ் இரண்டைத் திருகாணியால் இறுக்குங்கள், ஆணி அடிக்காதீர்கள். ஆணி கழன்று காடியில் விழுந்தால் மாடு தீவனத்தோடு விழுங்கிவிடும். அது இரண்டாம் இரைப்பையில் போய் நெஞ்சுவரை குத்தும். மாடு நம்மைப் போல் மென்று பார்த்துத் துப்பாது. தூண் கட்டுக்கயிற்றின் எல்லைக்குள் இருக்கட்டும், ஆனால் கயிறு சுற்றிக்கொள்ளும் இடத்தில் வேண்டாம். தோட்டத்தில் வேப்பமரம் இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், மரத்தடியில் ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பால் கறந்த பிறகு பத்து நிமிடம் கையாலும் தேய்த்துவிடுங்கள். கழுத்தின் கீழ்ப்புறம், அலைதாடி, வால் அடி. மாடு தானாகவே கழுத்தை நீட்டித் தந்தால் சரியான இடம் என்று அர்த்தம். புதிதாக வாங்கி வந்த மாடு பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாட்டு போடலாமா என்று கேட்பார்கள். 2001ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெதுவான இசை கேட்ட மாடுகள் 3 சதவீதம் கூடுதலாகப் பால் கறந்ததாகச் சொன்னார்கள். நானும் கொட்டிலில் ரேடியோ வைத்துப் பார்த்தேன். பால் கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை, கறப்பவருக்கு அலுப்புத் தெரியவில்லை. சத்தம் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கன்றுக்குட்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஓட்டம். மாலையில் அவிழ்த்துவிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு நான்கு காலும் பறக்க ஓடும். அதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு கன்று இருந்தால் சேர்த்து விடுங்கள். எருமை வைத்திருப்பவர்கள் குட்டையையோ குழாய்த் தண்ணீரையோ யோசிக்க வேண்டும், வெயிலில் அதற்கு வேறெதுவும் ஈடாகாது.

விருந்து கொடுக்கிறேன் என்று சோற்றை அள்ளிப் போடாதீர்கள். தர்பூசணித் தோல், கரும்புத் தோகை, பூசணித் துண்டு எல்லாம் சரி. பொங்கலன்று அன்பு மிகுதியில் வாளி வாளியாகச் சர்க்கரைப் பொங்கலை வைத்து, மறுநாள் வயிற்றில் அமிலம் சேர்ந்து மாடு எழுந்திருக்காமல் கிடப்பது வருடா வருடம் நடக்கிற கதை. ஒரு கைப்பிடி போதும், சாமிக்கும் அதுவே போதும்.

நாய்: மூக்குக்கு வேலை

நாயை நடக்கக் கூட்டிப்போகும்போது பலர் இழுத்துக்கொண்டே போகிறார்கள். அது ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்ப்பதுதான் அதன் செய்தித்தாள். பாதி நேரம் அது இழுக்கும் பக்கம் நீங்கள் போங்கள். கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

வீட்டுக்குள் "தேடு" விளையாட்டு. முதல் நாள், அது பார்க்கும்போதே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியைத் துணிக்கு அடியில் வைத்துத் "தேடு" என்று சொல்லுங்கள். எடுத்ததும் பாராட்டு. மூன்றாம் நாள், அது பார்க்காதபோது கதவுக்குப் பின்னால் வையுங்கள். ஒரு வாரத்தில் முற்றத்தில் ஐந்து இடத்தில் ஒளித்து வைக்கலாம். பழைய பணியாரக் கல் இருந்தால் இன்னும் நல்லது. குழிக்கு ஒரு துண்டு போட்டு, ஒவ்வொரு குழியையும் ஒரு டென்னிஸ் பந்தால் மூடிவிடுங்கள். வீட்டில் நடப்பிலிருக்கும் கல்லை எடுத்து நான் வாங்கிய திட்டை நீங்களும் வாங்க வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீனியெல்லாம் அன்றாட அளவிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் குண்டாகும்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு கூடாது. கேசரியிலும் பாயசத்திலும் உலர் திராட்சை ஒளிந்திருக்கும், கவனம். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையை விழுங்கினால் குடல் அடைக்கும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு இந்த விளையாட்டெல்லாம் தொட்டுக்கொள்ள ஊறுகாய்தான். வேலியிட்ட இடத்தில் தினமும் ஓட விட வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்துவிட்டு ஓடியாட விடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பூனை, மற்றவை

பூனைக்கு நீண்ட விளையாட்டு பிடிக்காது. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. குச்சியின் நுனியில் துணித் துண்டைக் கட்டி, எலி ஓடுவது போல் சுவரோரமாக இழுங்கள், நின்று நின்று போகட்டும். முகத்துக்கு நேரே ஆட்டினால் அலட்சியமாகப் பார்க்கும், எந்த எலியும் பூனையை நோக்கி வராதே. கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு. முடிந்ததும் நூலை எடுத்துப் பூட்டி வையுங்கள், விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும்.

கடையில் விற்கும் பூனைப் புல் எதற்கு, வேலியோரம் குப்பைமேனி இருக்கும்போது? அதற்குப் பூனைவணங்கி என்று நம்மவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணைக் கழுவிப் போட்டால், பல பூனைகள் வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும். எல்லாப் பூனைக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

முயலுக்கு இரண்டு பக்கம் திறந்த அட்டைப் பெட்டி, கடிக்க மரக்கிளை. காதல் பறவைகளுக்குத் தொங்கும் தினைக் கதிர். பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே தவறு. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வாரக் கணக்கு

எந்தப் பொருளும் ஒரு வாரத்தில் பழசாகிவிடும். மூன்று நான்கு பொருளைச் செய்து வைத்துக்கொண்டு, ஒன்று வெளியே, மற்றவை பரணில் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். மண் குளியலும் சொறியும் தூணும் ஆட்டு மேடையும் மட்டும் நிரந்தரம். ஞாயிறுதோறும் கயிறு நைந்திருக்கிறதா, கல் ஆடுகிறதா, திருகாணி கழன்றிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். புதுப் பொருளைக் கண்டு பயந்தால் பிடித்துத் தள்ளாதீர்கள், தூரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். மூன்று நாளாகியும் சீண்டவில்லை என்றால் அதற்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிடலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், இன்று மாலையே ஒரு பழைய பானையைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், சூடு தட்டினால் கரையான் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.